பத்து கிலோ அரிசியோட மேடு ஏறுன கதை

லீவுக்கு சேலம் வந்து பத்து நாள் ஆச்சு. கோரிமேட்டுல அம்மா வீட்டு மொட்டை மாடில நின்னா ஏற்காடு மலை கண்ணு முன்னாடி நிக்குது, இதைப் பாத்துட்டே வளந்தவளை ஜெர்மனில ஒரு மேடு அழ வைக்கும்னு யாராச்சும் சொல்லிருந்தா சிரிச்சிருப்பேன்.

நாங்க இருக்கறது ஸ்டுட்கார்ட். ஊரே ஒரு கிண்ணம் மாதிரி, கடை கண்ணி ஆபீஸ் எல்லாம் கிண்ணத்துக்கு அடியில, எங்க வீடு விளிம்புல டேகர்லோக்ல. கீழ இருந்து எங்க ஏரியாவுக்கு 1884ல இருந்தே பல்சக்கர ரயில் ஓடுது, இப்ப மரியன்பிளாட்ஸ்ல கிளம்பும், ரெண்டு கிலோமீட்டர் சொச்சத்துல 205 மீட்டர் ஏறும், நம்ம ஊட்டி ரயில் மாதிரியே தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்சது. முன்னாடி சைக்கிள் ஏத்த தனியா ஒரு வண்டி கூட மாட்டிருப்பாங்க, ஆனா மேல போறப்ப மட்டும்தான் ஏத்துவாங்க, கீழ இறங்கறது உங்க பாடு. இதை அப்ப நான் சாதாரணமா எடுத்துக்கிட்டேன்.

கார் ஓட்டலாம்னா நம்ம ஊரு லைசென்ஸ் அங்க குடியேறி ஆறு மாசம் வரைக்கும்தான் செல்லும், அப்புறம் தேர்வு, டிரைவிங் ஸ்கூல், செலவுன்னு ஒரு ரவுண்டு. எலெக்ட்ரிக் சைக்கிள்னா அந்தத் தொல்லையே இல்ல. மோட்டார் 250 வாட், மிதிச்சாத்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஒதுங்கிக்கும், அதனால சட்டப்படி அது சும்மா சைக்கிள்தான். பிளஸ் ஒன்ல கவர்மென்ட் குடுத்த சைக்கிள்ல ஸ்கூல் போனவ நான், இதெல்லாம் என்ன பிரமாதம்னு ஒரு பழைய வண்டியை மலிவா வாங்கிட்டேன்.

பின் சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கற வண்டி அது. சமதரைல பறந்துச்சு. ஒரு சனிக்கிழமை கீழ தமிழ்க்கடைல பத்து கிலோ பொன்னி வாங்கி கேரியர்ல கட்டிட்டு மேடு ஏறுனேன், பாதில மோட்டார் முனகி, லேசா தீஞ்ச வாசம் வந்து, நின்னே போச்சு. 25 கிலோ வண்டியையும் அரிசியையும் மழைல உருட்டிட்டு வீடு சேந்தேன், அன்னைக்கு அம்மாகிட்ட போன்ல பேசவே இல்ல, பேசுனா அழுதுடுவேன்னு தெரியும். அடுத்த வாரம் கடைக்கார அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், கேட்டுட்டு சொன்னாரு: "பிள்ளை, இந்த ஏத்தத்துக்கு அது சரிவராது, மிதிக்கிற இடத்தில மோட்டர் இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ."

காரணம் சிம்பிள். சக்கரத்துல இருக்கற மோட்டாருக்கு நீங்க கியர் மாத்தறது எட்டாது, செங்குத்தான மேட்டுல சக்கரம் மெதுவா சுத்தும்போது அது திணறி கரண்ட்ல பெரும்பகுதி சூடாவே போயிடும். பெடல்கிட்ட இருக்கற மோட்டார் செயின் வழியா இழுக்கறதால சின்ன கியர் போட்டா அதுக்கும் பாரம் குறையும். வாட் எல்லா வண்டிலயும் 250ன்னுதான் போட்டிருக்கும், அதைப் பாத்து பிரயோஜனம் இல்ல, டார்க்கை, அதாவது மோட்டார் சுத்தற முறுக்கு விசையைப் பாருங்க, அடுத்து நான் வாங்குன வண்டி 85 நியூட்டன் மீட்டர். ட்ரயல் ஓட்ட அரிசி மூட்டையையும் தூக்கிட்டுப் போனேன், கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பாத்தான், பாக்கட்டும். நடு மேட்டுல நிறுத்தி திரும்ப கிளப்பிப் பாத்தேன், அதுதான் உண்மையான டெஸ்ட்.

பேட்டரி பெருசா வாங்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் வண்டியும் சரக்கும் 100 கிலோன்னா 200 மீட்டர் உயரம் தூக்க கணக்குப்படி 55 வாட் அவர் (பேட்டரில இருக்கற கரண்டோட அளவு) தான், வீணாகறதையும் சேத்து 90ன்னு வெச்சாலும் 500 வாட் அவர் பேட்டரி எனக்கு தாராளம். குளிர்காலத்துல மட்டும் குறைவா ஓடும், ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் போடவும் கூடாது, அதனால ராத்திரி பேட்டரி எங்க வீட்டு ஹால்ல ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்துல தூங்கும்.

ஆனா நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது இறக்கம். ஏற்காட்டுல இருந்து காபி மூட்டை இறக்கி பல வருஷம் வேன் ஓட்டுன மாமா ஒருத்தர் இருக்காரு, இருபது கொண்டை ஊசியும் அவருக்கு மனப்பாடம். "ஏறுன கியர்லயே எறங்கணும் கண்ணு, பிரேக்க நம்பாத"ம்பாரு. வேன்ல சின்ன கியர் போட்டா இஞ்சினே வேகத்தைப் பிடிச்சு வைக்கும், என் சைக்கிள்ல அந்த இஞ்சின் பிடிப்பே கிடையாது, இறக்கத்துல பிரேக் மட்டும்தான் கதி. அதான் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு காசு பாக்கல. விடாம லேசா அழுத்திட்டே வரக்கூடாது, சூடாயிடும், நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு விட்டுடணும்.

இப்ப ஏற்காடு மலைல நாகலூர்ல இருக்கற மாமா பையன், வரும்போது இந்த மாதிரி சைக்கிள் ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்ல அக்கான்னு கேக்கறான். எப்படிடா, 160 வாட் அவருக்கு மேல பேட்டரிய பயணிகள் விமானத்துல ஏத்தவே விடமாட்டான். இங்கயும் 250 வாட், 25 கிலோமீட்டருக்குள்ளன்னா ரெஜிஸ்ட்ரேஷன் வேணாம், இங்கயே பாருடான்னேன். நேத்து ஒரு கடைக்குப் போயிருக்கான், அஸ்தம்பட்டி ரோட்ல ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கன்னாங்களாம். அதுல என்ன தெரியும், மிளகு மூட்டை ஒண்ணைக் கட்டிட்டு அடிவாரம் தாண்டி ரெண்டு வளைவு ஏறலாமான்னு கேளுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. மாமாவும் வர்றாராம், பிரேக் பாக்க.