பிரித்த குப்பை வண்டியில் கலந்தால்

கும்பகோணமோ தஞ்சாவூரோ, ஒரு தெரு குப்பையைப் பிரித்துக் கொடுக்குமா என்பதைப் பெரும்பாலும் வாசலுக்கு வரும் பேட்டரி வண்டிதான் முடிவு செய்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, காலாவதி மருந்து, பழைய பேட்டரி போன்ற அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். இரண்டு வாளியில் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒருமுறை பார்த்தால் போதும், மறுநாள் முதல் அந்த வீட்டில் ஒரே வாளிதான். பிரித்த உழைப்பு வீணாகக் கூடாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

அந்த உழைப்பின் பலனைக் கண்ணால் காட்டுவது வீட்டு உரம். பக்கத்து வீட்டு மல்லிகைத் தொட்டி செழிப்பதைப் பார்த்துத் தொடங்கியவர்கள் நிறைய. 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியிலும் பக்கத்திலும் பென்சில் கனத்தில் இருபது துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் மூன்று அங்குலம் தேங்காய் நார். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர், வாரம் இருமுறை கிளறல்.

நாலு பேர் வீட்டில் ஒரு வாளி இருபது நாளில் நிறையும். மக்க 45 முதல் 60 நாள் பிடிக்கும். அதனால் நாலு வாளி வேண்டும். இரண்டோடு தொடங்குபவர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று பொருள். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் சருகு போடுங்கள், எறும்பு வந்தால் தண்ணீர் தெளியுங்கள். சாப்பிட்ட வாழை இலையை முழுசாகப் போட்டால் பாய் விரித்ததுபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, நடு நரம்பை நறுக்கிப் போடுங்கள். உமி காற்றோட்டம் தரும், ஆனால் சீக்கிரம் மக்காது. சம்பா வைக்கோலை இரண்டு அங்குலமாக வெட்டினால் நன்றாக மக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த சருகு கிடைக்காது. மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும்போதே இரண்டு சாக்கு கட்டி வையுங்கள்.

மக்காததில் பால் கவரைக் கவனியுங்கள். மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல் கீறி மட்டும் ஊற்றுங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் சாக்கடைக்குப் போகிறது. கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.