ரெண்டாங் கிளாஸ், ராத்திரி எட்டு மணி

ஜூன் 21, 2021, திங்கள்

கல்வி டிவில புது வருஷப் பாடம் ஆரம்பிச்சாச்சு. எச்.எம். சார் குரூப்ல அட்டவணைய போட்டு "பெற்றோர் தவறாமல் பார்க்க வைக்கவும்"னு எழுதினார். கீழ வரிசையா கும்பிடு ஸ்மைலி. கும்பிடு போட்டதுல ஒருத்தர் வீட்ல டிவியே கிடையாது, போன மாசம் வரைக்கும் குடும்பத்தோட செங்கல் சூளைல இருந்தவங்க.

எனக்கு கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்து மூக்கு வேலை செய்யல, காபி வாசனை இன்னும் வரல.

ஜூன் 23

இன்னிக்கு பூரா போன் கணக்கு. யார் வீட்ல ஆன்ட்ராய்டு, யார் வீட்ல பட்டன் போன், யார் வீட்ல டிவி, கேபிளா டிஷ்ஷா, எல்லாம் எழுதி அனுப்பணும். அரசு கேபிள் இருக்கற வீட்ல 200ம் நம்பர்ல வருது, அது போதும். ஆனா ஆன்ட்ராய்டு இருக்கு இல்லன்னு ஒரு கட்டத்துல டிக் போட்டா முடிஞ்சுதா, அந்த போன் காலைல ஆறு மணிக்கு அப்பா பாக்கெட்ல ஏறி செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ கொத்தனார் வேலைக்குப் போயிடுது, திரும்பி வரும்போது எட்டு மணி, சார்ஜ் அஞ்சு பர்சன்ட், நெட் பேக் காலி, புள்ள தூங்கியாச்சு. இதுக்கு அந்த படிவத்துல கட்டமே இல்ல.

என் கிளாஸ்ல 17 பேர். ரெண்டாம் வகுப்புன்னு பேரு. 2020 மார்ச்ல ஸ்கூல மூடினாங்க, இதுங்க சேந்தது அந்த ஆகஸ்ட்ல, அப்பா அம்மா வந்து கையெழுத்து போட்டுட்டுப் போனாங்க அவ்ளோதான். ஒண்ணாங் கிளாஸ்னு ஒரு நாள் கூட பெஞ்சுல உக்காராம பாஸ் ஆகி ரெண்டுக்கு வந்துட்டாங்க. பாதிப் பேர் மூஞ்சி எனக்குத் தெரியாது.

ஜூன் 28

தலைவலி. ஒண்ணும் அனுப்பல.

ஜூலை 2, வெள்ளி

டெய்லர் பையன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தான், முதல் பருவம் தமிழ் புக்ல ஒரு பக்கம், தடங்கல் இல்லாம கடகடன்னு. கேட்டுட்டு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு எடத்துல 'வண்டி'ன்னு இருக்கறத 'மாடு'ன்னு படிச்சான். படத்துல மாட்டு வண்டி. அப்ப பொறி தட்டுச்சு, அவங்க அம்மாவுக்கு போன் போட்டு, படத்த கையால மூடிட்டு கடைசி வரியில இருந்து மேல படிக்கச் சொல்லுங்கன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அந்தம்மா, "டீச்சர், அவன் மூணாவது படிக்கற அக்கா சொல்லச் சொல்ல கேட்டு மனப்பாடம் பண்ணிட்டான் போல." அவங்களுக்கும் இப்பத்தான் தெரியுது.

இப்டி எத்தன பேரோ. குரூப்ல வந்த எல்லா வாய்ஸையும் ராத்திரி உக்காந்து மறுபடி கேட்டேன். பின்னாடி யாரோ குசுகுசுன்னு எடுத்துக் குடுக்கறது நாலஞ்சுல நல்லாவே கேக்குது.

ஜூலை 3

புள்ள படிக்குதான்னு தெரியணும்னா அது படிக்கற நேரத்துல நாம கேக்கணும். முன்கூட்டியே தெரியாத வார்த்தையா இருக்கணும். வேற வழியே இல்ல. இத எச்.எம். சார்கிட்ட சொன்னா "போட்டோ ஆதாரம் கேக்கறாங்கம்மா"ங்கறார். போட்டோல படிக்கறது தெரியாது சார், புக்க புடிச்சிருக்கறதுதான் தெரியும்.

ஜூலை 7

எட்டு மணிக்கு மேல நானே போன் பண்றதுன்னு முடிவு. நாளைக்கு ஆறு பேர், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். அவங்க கைல புக், என் கைல அதே புக். "பக்கம் திருப்பு, மூணாவது வரில வெரல் வை, அந்த வார்த்தைய சொல்லு." படத்தப் பாத்து அடிச்சு விட முடியாது, ஏன்னா எந்த வார்த்தைய கேப்பேன்னு அவங்களுக்கும் தெரியாது அக்காவுக்கும் தெரியாது.

இவர் கேக்கறார், நம்ம வீட்ல யார் சமைக்கறதுன்னு.

ஜூலை 8

பம்ப்செட் வீட்டுப் பொண்ணு. இதுவரைக்கும் குரூப்ல ஒரு சத்தமும் வந்ததில்ல, அப்பா பெங்களூர்ல, நல்ல போன் அவர்கிட்ட. இங்க ஆயாவோட பட்டன் போன் மட்டுந்தான். நான் பேசினதும் ஆயா கத்துது, "டீச்சரம்மாவா, சொல்லு சாமி, புள்ள இங்கதான் கீது." புள்ள போன வாங்கி மூச்சு விட்டுட்டே இருக்கு. அப்புறம் மெதுவா எழுத்துக் கூட்டி ஒரு வரி. 'ம-ர-ம்... மரம்.' யாரும் எடுத்துக் குடுக்கல, ஆயாவுக்கு படிக்கத் தெரியாது. மொத்த 17ல உண்மையாவே எழுத்துக் கூட்டறது இவ ஒருத்திதான்னு நெனைக்கறேன். கணக்குப்படி பாத்தா இவதான் 'சாதனம் இல்லாத மாணவி'.

ஜூலை 12

என் பையனுக்கு காலைல ஒன்பதுல இருந்து ஆன்லைன் கிளாஸ், வீடியோவ ஆஃப் பண்ணிட்டு ஃபேன பாத்துட்டு படுத்திருக்கான். அஞ்சாங் கிளாஸ். திட்டத் தோணல, நாலு மணி நேரம் ஸ்க்ரீன பாத்தா நானும் ஃபேனத்தான் பாப்பேன்.

வாசனை வரல. பெருங்காயத்த மூக்குக்குள்ளயே வச்சுப் பாத்தாச்சு.

ஜூலை 19, திங்கள்

கணக்கு.

போன்ல கணக்கு சொல்லிக் குடுக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு படிக்க வைக்கறத விட இதுதான் சுலபமா இருக்கு. எல்லார் வீட்லயும் புளியங்கொட்டை இருக்கு. எண்ணி எண்ணி பத்து பத்தா கிழிஞ்ச துணில முடிஞ்சு வைக்கச் சொன்னேன், மிச்சம் உதிரியா ஒரு கிண்ணத்துல. 32 சொன்னா மூணு முடிச்சு, ரெண்டு உதிரி. 23 சொன்னா ரெண்டு முடிச்சு, மூணு உதிரி. 32க்கும் 23க்கும் வித்தியாசம் தெரியாம கெடந்த பையனுங்க ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க, எழுதிக் காட்டி வாரக்கணக்கா போராடினாலும் இது நடக்காது.

இன்னிக்கு பம்ப்செட் பொண்ணுகிட்ட 32ல 15 குடுத்துடுன்னேன். ஆயா வாங்கிக்கறதா விளையாட்டு. ஒரு முடிச்ச குடுத்துட்டா. அஞ்சு உதிரி குடுக்கணும், ரெண்டுதான் இருக்கு. சத்தமே இல்ல. நான் வாயத் தொறக்கல, தொறக்கக் கூடாதுன்னு நாக்க கடிச்சுக்கிட்டேன். போன்ல தவளை கத்தறது கேக்குது. அப்புறம், "டீச்சர், முடிச்ச அவுக்கட்டா?"

அவுடி என் தங்கமே.

இனமாற்றம்னு புக்ல போட்டிருக்கறது இதுதான். போர்டுல பத்து தடவ எழுதி, தலைக்கு மேல ஒரு 1 போட்டு, வெட்டிக் கிறுக்கி, இத்தன வருஷமா நான் நடத்தினது இத்தத்தான். 17 மிச்சம்னு சொன்னா, கூடவே ஆயா ரெண்டு கொட்டைய கீழ போட்டுடுச்சுன்னு புகார்.

ஜூலை 20

ஆயா போன் 'தற்சமயம் தொடர்பு கொள்ள இயலாது'.

ஜூலை 22

அதே.

ஜூலை 26

ரீசார்ஜ் முடிஞ்சு இன்கமிங்கும் போயிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நம்பர் வாங்கி நானே போட்டு விட்டேன். எத்தன பேருக்கு இப்டி போடுவேன்னு இவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லல.

ஆகஸ்ட் 5

எழுத்து வேலை. "இன்னிக்கு என்ன சாப்ட்ட, ரெண்டு வரி எழுதி போட்டோ போடு"ன்னு சொன்னா வந்ததெல்லாம் முத்து முத்தா, ழவுக்கு வால் எல்லாம் அழகா சுழிச்சு. ஏழு வயசுப் புள்ள எழுதற எழுத்தா அது. அம்மா எழுதிருக்காங்க, இல்ல சித்தி. கோவமா ஒரு வாய்ஸ் போட்டேன், கோணலா இருந்தா எனக்கு ரொம்பப் பிடிக்கும், தப்பா இருந்தா இன்னும் பிடிக்கும், அவங்க கையால எழுதினது மட்டும் அனுப்புங்கன்னு.

ராத்திரி ஒண்ணு வந்துச்சு. அப்படியே எழுதி வைக்கறேன்:

"நா கஞி குடிசன் எஙக கோழி முட போடுசி"

புள்ளி ஒண்ணே ஒண்ணுதான், கோட்டுக்கு மேல ஏறி எறங்கி போகுது, கடைசி சி கீழ விழுந்துடுச்சு. ஆனா பேசறத காதால கேட்டு எழுத்தா பிரிச்சிருக்கான் பாருங்க, அது சொந்த மூள. டெய்லர் பையன். மனப்பாடம் பண்ணி என்ன ஏமாத்தினானே, அவனேதான்! புள்ளி அப்புறம் வரும். சிவப்பு மைய தொடமாட்டேன், "எத்தன முட்டை?"ன்னு மட்டும் எழுதி திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6

"ரட"

ரெண்டு. சரி.

ஆகஸ்ட் 17

அரிசி பருப்பு குடுக்கற நாள். பெத்தவங்க மாஸ்க் போட்டு வரிசைல நிக்கறாங்க, புள்ளைங்கள கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொல்லியும் நாலஞ்சு வந்துடுச்சு. ஒண்ணு கேட் கம்பில மூஞ்சிய வச்சு உள்ள பாத்துட்டே இருந்துச்சு. உள்ள வான்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல.

சூளைக் குடும்பம் வரல. மறுபடி போயிட்டாங்கன்னு சொல்றாங்க, எங்கன்னு யாருக்கும் தெரியல.

செப்டம்பர் 1

ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தொறந்துட்டாங்க. பெரிய புள்ளைங்க போன்ல படிச்சிடும், வாட்ஸப்ல நோட்ஸ் எடுக்கும். எழுத்தே தெரியாததுங்களுக்குத்தான் பக்கத்துல உக்கார ஆள் வேணும், அதுங்கதான் கடைசி. கொரோனா பயம் புரியுது. ஆனாலும் எரிச்சல்தான்.

செப்டம்பர் 29

நவம்பர் 1ல இருந்து ஒண்ணு முதல் எட்டு வரைக்கும் தொறக்கறாங்களாம். நியூஸ்ல வந்ததும் குரூப்ல ஒரே வெடி ஸ்மைலி.

அக்டோபர் 5

எலக்ஷன் ட்யூட்டி வந்துடுச்சு, உள்ளாட்சி. விழுப்புரத்துக்கும் நாளைக்கும் ஒன்பதாம் தேதியும் ஓட்டு. ராத்திரி போன் கெடையாதுன்னு சொல்லிட்டேன், பதிலா ஒரு வேலை: தெருச் சுவத்துல எழுதிருக்கற விளம்பரத்துல தெரிஞ்ச எழுத்தெல்லாம் பாத்துட்டு வா, படிக்க முடிஞ்ச வார்த்தைய என்கிட்ட சொல்லு.

அக்டோபர் 10

வந்த வார்த்தைங்க: வாக்கு, பூட்டு, சாவி, உங்கள், அன்பு, கட்டில். ஒருத்தன் மட்டும் 'சிமெண்ட்'. கல்வி டிவி அட்டவணைல இருக்கறத விட இந்த பாடம் உருப்படி. பஸ் பேரு, உப்பு பாக்கெட்டு, ரேஷன் கார்டு, படிக்கறதுக்கு ஊரு பூரா கெடக்கு, புக்குக்குள்ளயே எதுக்கு சுத்தணும். அடுத்தது ரேஷன் கார்டு நம்பரும் அப்பா போன் நம்பரும் சத்தமா படிக்க வைக்கணும்.

சூளைப் பையன் பத்தி யாரும் வாயத் தொறக்கல.

அக்டோபர் 27, புதன்

நம்ம மாவட்டத்துலயே, மரக்காணம் பக்கம், சி.எம். வந்து இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சு வச்சார். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு மணிக்குள்ள தெருவுலயே ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், தன்னார்வலர்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா. நம்ம ஊர்ல என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி பேர் குடுத்திருக்கா, டிகிரி முடிச்சுட்டு வேலை இல்லாம இருக்கா. ஆயிரம் ரூபா ரொம்ப கம்மி. ஆனா அவ தெருவுல, அவ வீட்டுத் திண்ணைல, பக்கத்துல உக்காந்து வெரல வச்சுப் படிக்க வைப்பா. அவகிட்ட புளியங்கொட்டை விஷயத்த சொன்னேன், எழுதிக்கிட்டா.

பெருங்காயம்: இல்ல. காபி: இல்ல. கற்பூரம் லேசா என்னமோ.

நவம்பர் 1, திங்கள்

வந்துட்டாங்க. சத்தம், அழுக, ஒருத்தன் பாத்ரூம் எங்கன்னு தெரியாம வராண்டாவுலயே. எல்லார் குரலும் எனக்குத் தெரியுது, மூஞ்சிதான் தெரியல, பேர் கூப்பிட்டு வாயத் தொறந்தப்பறம்தான் இது அவன் இது அவள்னு புரியுது. பம்ப்செட் பொண்ண எழுந்து படின்னு சொன்னேன், நான் நெனச்சத விட குட்டியா இருக்கா. புக்க விரிச்சு, வலது கைய காதுல வச்சுக்கிட்டு, "ஹலோ டீச்சர்"னு ஆரம்பிச்சா. பசங்க சிரிக்கல. அவங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க.

12 பேர்.

நவம்பர் 2

பென்சில புடிக்கத் தெரியல பாதிப் பேருக்கு. ஒரு எடத்துல அரை மணி நேரம் உக்கார முடியல, அஞ்சு நிமிஷம் ஆனா எழுந்து போறாங்க, நான்தான் அஞ்சு நிமிஷம் போன்ல பேசிட்டு வச்சுடுவேனே. வார்த்தை படிக்கறாங்க, வரி வரல. கூட்டல் தேறும். டிசம்பர்குள்ள வரி படிக்க வைக்கணும், பாடத்த அப்புறம் பாத்துக்கலாம், ஏன் பாடம் பின்னாடி இருக்குன்னு யாராவது கேட்டா கேக்கட்டும்.

நவம்பர் 11

மழை லீவு, தீபாவளிக்கு அப்புறம் சரியாவே நடக்கல. ரோட்ல முழங்கால் தண்ணி. மறுபடி எட்டு மணிக்கு போன். ஆயா போன் அடிக்குது, எடுக்கல. டெய்லர் பையன் எடுத்தான். 41ல 26 கேட்டேன், கொட்டை நனைஞ்சு போச்சு டீச்சர், வெரலால பண்ணட்டான்னான். பண்ணுன்னேன், பத்து வெரல் போதாதுன்னு தங்கச்சியயும் கூப்ட்டுட்டான்.