கோத்தகிரி ஃபோல்டர் மட்டும் ஏன் தேடலில் சிக்காது?

ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பச்சை இலைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என மையத்துக்கொரு ஃபோல்டர், உள்ளே வருடம், மாதம், அடியில் அன்றாட எடை சிஎஸ்வி கோப்புகள். பைத்தான் நிரல்மொழியில் இதைத் தேட பாத்லிப் நூலகத்தின் ஆர்குளோப் (உள் ஃபோல்டர்கள் வரை கோப்பு தேடும் கட்டளை) ஒரு வரியில் வேலையை முடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், எதையாவது விட்டுவிட்டாலும் அது வாயே திறக்காது.

முதல் பலி கோத்தகிரிதான். ‘கோ’வின் ஓகாரத்தை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்துத்தான் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள்: நீளத்தை எண்ணும் லென் போட்டால் ஒன்று 9, மற்றது 10. கொடநாட்டுக்கும் இதே கதி. குன்னூருக்கும் கூடலூருக்கும் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே ஊர்ப்பெயரை ஆர்குளோப் வடிவத்துக்குள் போடாதீர்கள். முதலில் எல்லாக் கோப்புகளையும் எடுங்கள். பிறகு பாதை, தேடும் சொல் இரண்டையும் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸில் என்எஃப்சி வடிவுக்கு (பிரித்த குறிகளைச் சேர்த்த வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள். மாற்றியது ஒப்பிட மட்டுமே. கோப்பைத் திறக்க மூலப் பாதையையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் லினக்ஸில் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று வந்து நிற்கும்.

லினக்ஸில் கோப்பு நீட்சி (பெயரின் கடைசியில் வரும் .csv) பெரிய எழுத்தில் இருந்தாலும் கோப்பு விடுபடும். பைத்தான் 3.12 முதல் ஆர்குளோப்பின் கேஸ்_சென்சிட்டிவ் என்ற அளபுருவுக்கு ஃபால்ஸ் தரலாம். அதற்கு முந்தைய பதிப்பென்றால் சஃபிக்ஸை (அதாவது நீட்சியை) லோயர் மூலம் சிறிய எழுத்தாக்கிப் பாருங்கள்.

ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பட்டியல் தரும் ஓஎஸ்.வாக் இன்னும் கமுக்கம். தேடல் தொடங்கும் வேர் ஃபோல்டரே இல்லாவிட்டாலும், அனுமதி மறுக்கப்பட்டாலும் வெறுங்கையோடு திரும்பும், அவ்வளவுதான். பென்டிரைவ் செருகாத நாளில் ‘இலை வரவு பூஜ்யம்’ என்று அறிக்கை போய்விடும். அதன் ஆன்எரர் அளபுருவில் பிழையை அச்சிடும் ஒரு ஃபங்ஷனைக் கொடுப்பதைக் கட்டாயம் என்றே சொல்வேன். பேக்கப் ஃபோல்டரைத் தவிர்க்க வேண்டுமென்றால், வாக் தரும் டிர்ஸ் (உள் ஃபோல்டர்கள்) பட்டியலை அதே இடத்தில் திருத்த வேண்டும். புதுப் பட்டியலை அந்தப் பெயரில் வைத்தால் பலிக்காது.

பல வேர்களைக் கொடுக்கும்போது ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியிருந்தால் எடை இருமுறை கூடும். ரிசால்வ் செய்த (முழுமையாக்கிய) பாதைகளை, ஒன்றை ஒருமுறை மட்டுமே வைக்கும் செட்டில் போடுங்கள். வரிசைக்கும் உத்தரவாதமில்லை, வரிசைப்படுத்தும் சார்ட்டட் தேவை.

தேதிக்கு எம்டைமை (கோப்பு கடைசியாக மாறிய நேரம்) நம்பாதீர்கள்: கோப்பை நகலெடுக்கும் ஷட்டில்.காப்பி நகலில் அதை இன்றைய நேரமாக்கிவிடும், காப்பி2 தான் பழையதைக் காப்பாற்றும். கோப்புப் பெயரிலேயே 2024-07-15 என்று இருப்பது நல்லது.