ஜவுளிக்கடையிலிருந்து வெல்டிங் ஷெட்டுக்கு: ஒரு வேலை மாற்றத்தின் அனுபவம்

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் விற்பனையாளராக இருந்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த பிறகு அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) வெல்டர் பிரிவில் சேர்ந்து படித்து, இப்போது துவாக்குடிப் பக்கம் உள்ள, இரும்புத் தகடுகளை வெட்டி இணைக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். யாரைப் பிடித்தாய், எவ்வளவு செலவாயிற்று என்பவைதான் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்விகள். நான் யாரையும் பிடிக்கவில்லை. பெரிதாகச் செலவும் இல்லை. மாவட்டத்திலேயே இருக்கும் அரசு அலுவலகங்களின் வழியாக நடந்த காரியம் இது என்பதால், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கடை வேலையை விட்டதற்குக் காரணம் சம்பளம் அல்ல, கால். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் வெளியே வர முடியும். சாப்பாட்டு நேரம் தவிர முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டும். ஆடிக் கழிவும் தீபாவளியும் வந்துவிட்டால் வார விடுமுறையும் கிடையாது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டபோது, நிற்கும் வேலையைக் குறைக்காமல் மருந்து மட்டும் எடுத்துப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கினார்கள். எங்கள் தளத்திலும் ஸ்டூல்கள் வந்தன. ஆனால் உட்கார்ந்தவரைப் பார்த்துச் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினால் போதும், எழுந்துவிடுவோம். இருக்கை இல்லாத கடையைப் பற்றித் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் தர முடியும். இருக்கை இருந்தும் உட்கார முடியாத கடையைப் பற்றி எழுத்தில் என்ன தருவது என்று எங்களில் யாருக்கும் தெளிவு இருக்கவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதன் முழுப்பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிந்துவைத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, அரசு வேலைக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கும் இடமாகவே பெரும்பாலோர் அதை எண்ணுகிறார்கள். பெயரின் பின்பாதியான தொழில்நெறி வழிகாட்டல்தான் எனக்கு உதவியது. அங்கிருந்த அலுவலர் என் படிப்பைவிட உடல்நிலையை அதிகம் விசாரித்தார். கணினிப் பயிற்சி கேட்டுத்தான் போயிருந்தேன். “கம்ப்யூட்டர் படிச்சவங்க இங்க நிறையப் பேர் காத்திருக்காங்கம்மா. வெல்டர் கேட்டு இந்தப் பக்கத்துக் கம்பெனிங்க எங்களுக்கு எழுதிக்கிட்டே இருக்காங்க. உட்கார்ந்து செய்யற ஜாப்பும் அதுல உண்டு” என்றார். பெல் தொழிற்சாலையைச் சுற்றித் திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவே இல்லை என்பது வேறு கதை.

அரசு ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், ஓராண்டுப் படிப்பு. விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் ஐம்பது ரூபாய். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் இவற்றைத் தயாராக வைத்திருந்தால் இ-சேவை மையத்திலோ ஐ.டி.ஐ. வளாகத்தின் உதவி மையத்திலோ முடித்துவிடலாம். கலந்தாய்வு முடிந்து மீதமுள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கையும் நடக்கும் என்பதால், கடைசித் தேதி போய்விட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. பயிற்சிக் கட்டணம் இல்லை. சீருடை, காலணி, பாடநூல்கள் இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவும் விழவில்லை. சம்பளம் இல்லாத அந்த ஓராண்டைச் சமாளிப்பதுதான் உண்மையான சிரமம். வீட்டில் இன்னொரு வருமானம் இருந்ததால் என்னால் முடிந்தது. அது இல்லாதவர்கள் குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றியும் அதே மையத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வகுப்பில் என் வயதில் பாதி இருந்த பையன்கள் முதல் வாரம் என்னை ‘மேடம்’ என்றும், பிறகு ‘அக்கா’ என்றும் அழைத்தார்கள். 6013 என்ற வகை வெல்டிங் ராடில் தட்டையான தகட்டின்மீது நேர்க்கோடு இழுப்பதில் தொடக்கம். ராடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி சற்றுக் குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். கூடினால் பொறி சிதறும். சரியான இடைவெளி காதுக்குத்தான் முதலில் தெரிகிறது, சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக இருக்கும். பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி எடுத்துப் பார்த்தால், அடியில் வரிவரியாக இழைந்திருக்க வேண்டும். 7018 ராடுக்கு வந்தபோது, அதை ஓவனில் சூடேற்றி ஈரம் போக்கிய பிறகே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து பிற்பாடு விரிசல் விடும் என்று பயிற்சி அலுவலர் விளக்கினார். முகக்கவசமான ஷீல்டைத் தாழ்த்துவதற்குள் பக்கத்தில் யாராவது ஆர்க் (மின்பொறி) அடித்துவிட்டால், அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். தோல் ஏப்ரன், கையுறை, பாதுகாப்புக் காலணி, சரியான நிற எண் கொண்ட கண்ணாடி ஆகியவற்றில் சமரசமே கூடாது என்பதை அப்படித்தான் கற்றோம்.

அகில இந்தியத் தொழிற்தேர்வு முடிந்து தேசியத் தொழிற்சான்றிதழ் கைக்கு வந்த 2023-இல், வேலைவாய்ப்பு மையத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் சிறிய தனியார்துறை முகாமுக்குப் போனேன். கல்லூரி மைதானங்களில் நடக்கும் பெரிய முகாம்களைவிட இதுவே மேல் என்பது என் கருத்து; கூட்டம் குறைவு, நிறுவனத்தாரிடம் உட்கார்ந்து பேசலாம். அதே அலுவலர், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவற்றை எனக்கு ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) முதல் மாதத்திலிருந்தே பிடிப்பார்களா. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளமா. புகை உறிஞ்சும் கருவி உண்டா. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால் அமைக்க வேண்டிய பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான உள்ளகக் குழு இருக்கிறதா. இவற்றைக் கேட்டதும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி என் விவரத்தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டாமவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அங்கேதான் இப்போது இருக்கிறேன்.

சம்பளப் பேச்சில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பதினேழாயிரத்துச் சொச்சம் ‘சி.டி.சி.’ என்பார்கள், அது நமக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் தொகை அல்ல. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், நம் பங்காகப் பி.எஃப்.புக்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாயும் போக 13,087 கைக்கு வரும். முதலாளி தரப்பில் பி.எஃப்.புக்கு நிர்வாகக் கட்டணங்களோடு 13 விழுக்காடும் இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடும் கட்டுவதைச் சேர்த்தால்தான் 17,438 ஆகிறது. பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளமும் தருகிறோம் என்று சொல்லும் இடம் கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் தகுதியான அளவு சந்தா செலுத்திய தொழிலாளி நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காட்டை இ.எஸ்.ஐ. தருகிறது; கடையில் நான் காய்ச்சலில் படுத்த ஒவ்வொரு நாளும் சம்பளம் வெட்டுப்பட்டதை நினைத்தால் 113 ரூபாய் பெரிதல்ல.

ஷெட் வேலை சொகுசு என்று சொல்ல மாட்டேன். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் தோல் ஏப்ரன் போட்டுக்கொண்டு நிற்பதும், பக்கத்துப் பகுதியின் கிரைண்டிங் இரைச்சலும் எளிதல்ல. காதடைப்பான் கேட்டு வாங்கவே சில மாதங்கள் ஆயின. ஆனாலும் ஷிஃப்ட் எட்டு மணி நேரம், மேஜை உயரத்தில் வரும் ஜாப்பை (பற்றவைக்க வேண்டிய பாகத்தை) ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே முடிக்கிறேன், கால் வீக்கம் பெருமளவு குறைந்துவிட்டது. குளிரூட்டிய கடையைவிட நெருப்புப் பொறி பறக்கும் ஷெட் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்றால் பலர் நம்புவதில்லை.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சான்றிதழ் வந்தவுடன் அதை வேலைவாய்ப்புப் பதிவில் கூடுதல் தகுதியாகச் சேர்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பதிவு மட்டும் இருந்தால் வெல்டர் கேட்டு வரும் பட்டியலில் பெயர் வராது. தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தது மற்றொன்றில் தானாக ஏறிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.