இடாப்பு எழுதியவர்கள்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்க மலரில் வழக்கமாக என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு, மதில் பாய்ந்து படம் பார்க்கப் போன கதை. அவற்றை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பிரான்ஸ் கிளையில் இருக்கிறார்கள். நான் சரித்திரம் படிப்பித்த சேரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு அடுத்த பந்தியிலேயே ஆள் ஆரென்று விளங்கிவிடும்.

சேர் வாத்தியாராக வருவதற்கு முன்னர் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். அந்தக் கச்சேரிப் புத்தி அவரை விட்டுப் போகவேயில்லை. எந்தப் பாடம் எடுத்தாலும் கோப்பு எங்கே, கையெழுத்து ஆருடையது என்றுதான் பார்ப்பார். இரண்டாம் உலகப் போருக்கு விடை எழுதும்போது, "ஹிட்லர் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றான்" என்று எழுதினால் அரைப் புள்ளிதான் விழும். "ஹிட்லர் என்ன வீடு வீடாய்ப் போனவனோ? எந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு அவனுக்கு எப்படித் தெரியும்? இடாப்பு எழுதினவன் ஆர்?" என்று கேட்பார். விடையைத் தானும் சொல்லமாட்டார். பாடப் புத்தகத்தில் அந்தப் போருக்கே ஒன்றிரண்டு பக்கம்தான். சோதனைக்கு வராத கேள்வி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு நாடு எங்களைக் கலைத்தது. பிரான்சுக்கு வந்தவர்கள் லாச்சப்பலில் மரக்கறி வாங்கி, லாகூர்நெவ், பொபினி, திரான்சி என்று பாரிசின் வடகிழக்குப் பக்கமாகக் குடியேறினோம். சேர் கேட்ட கேள்விக்கான விடை எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் இருந்தது.

திரான்சியில் ‘சித்தே த லா முயெத்’ என்றொரு தொடர்மாடி இருக்கிறது. நாலு மாடி உயரத்தில், லாடம் போல மூன்று பக்கமும் வளைத்துக் கட்டிய நீளக் கட்டடம். நடுவில் புல்வெளி. 1930களில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக, அந்தக் காலத்துக்குப் புதுமையான முறையில் கட்டத் தொடங்கியது. பக்கத்திலேயே பதினைந்து மாடிக் கோபுரங்கள் ஐந்தும் எழும்பின. காசு போதாமல் வேலை முடியவில்லை. சுவர் பூசாத, கதவு போடாத அந்த வெறுங்கட்டடத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, 1941 ஓகஸ்டில் அதை யூதர்களுக்கான தடுப்பு முகாமாக்கினார்கள். 20ஆம் திகதி பாரிசின் 11ஆம் வட்டாரத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்த ஆண்களைத்தான் முதலில் கொண்டுவந்து அடைத்தார்கள். அடுத்த சில நாட்களில் அந்தத் தொகை 4,000ஐத் தாண்டியது. ஆட்களை அடைத்த வேகத்தில் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்யவில்லை. நவம்பர் பிறந்தபோது பசியால் சாகக் கிடந்த எண்ணூறு பேரளவில் ஜேர்மன் இராணுவ வைத்தியர்களே பார்த்து வெளியே விடவேண்டி வந்தது. அப்படியென்றால் மற்றவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அங்கே வாசலில் துவக்கோடு நின்றது பிரெஞ்சு ஜொந்தாம், அதாவது பிரெஞ்சு இராணுவப் பொலிஸ். ஜேர்மன்காரன் இல்லை. மேலே உத்தரவு போட்டவன் ஜேர்மன்காரன்தான். ஆனால் 1943 யூலையில் அலோய்ஸ் புருன்னர் என்ற, ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி வந்து பொறுப்பெடுக்கும்வரை முகாமை நாளாந்தம் நடத்தியது பிரெஞ்சுப் பொலிஸ் நிர்வாகம்.

இனி இடாப்புக்கு வருகிறேன். 1940 யூனில் பிரான்ஸ் தோற்றது. விஷி என்ற ஊரில், ஜேர்மனியோடு ஒத்துழைத்த மார்ஷல் பெத்தானின் அரசு அமைந்தது. புரட்சிப் பாடத்தில் சேர் எங்களைப் பாடமாக்க வைத்த ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ போய், ‘உழைப்பு, குடும்பம், தாய்நாடு’ வந்தது. ஐரோப்பாவிலேயே முதலில், 1791இல், யூதர்களைச் சமமான பிரஜைகளாக ஏற்ற நாடு இது. அதே நாடு 1940 ஒக்ரோபர் 3ஆம் திகதி, ஆர் யூதர் என்று வரையறுத்து, அவர்களை அரச வேலைகளிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் விலக்கிச் சட்டம் போட்டது. அடுத்த நாளே இன்னொரு சட்டம்: வெளிநாட்டு யூதரை எந்தப் பிரிபெக்டும் (மாவட்ட நிர்வாகத் தலைவர்) தன் விருப்பப்படி முகாமில் அடைக்கலாம். பிரிபெக்சரில் வதிவிட கார்ட் புதுப்பிக்க நின்ற எங்களில் ஆருக்கும் இந்தச் சட்டத்துக்கு விளக்கம் தேவையில்லை.

செப்டெம்பர் கடைசியில் ஜேர்மன்காரர் போட்டிருந்த உத்தரவுப்படி, அதே ஒக்ரோபரில் பாரிசிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் இருந்த யூதர்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பதியவேண்டி வந்தது. ஏறக்குறைய 150,000 பேர் தாங்களாகவே போய்ப் பதிந்தார்கள். ஏன் போனார்கள் என்று இன்றைக்கு ஆறுதலாக இருந்து கேட்பது சுலபம். பலர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்து பெல்வில் பக்கம் தையல், தோல் வேலை செய்து பிழைத்தவர்கள். சட்டப்படி நடந்தால் ஒன்றும் வராது என்று நம்பினார்கள். புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவன் வேறு எதை நம்புவான்?

அந்தப் பதிவுகளை வைத்துப் பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் அந்திரே துலார் என்ற அதிகாரி ஓர் அட்டைக் கோவை செய்வித்தார். ஒரே ஆளுக்குப் பல அட்டைகள். பெயர்வரிசையில் ஒன்று, தெருவாரியாக ஒன்று, தொழில்வாரியாக ஒன்று, நாட்டுவாரியாக ஒன்று. பிரஜைக்கு ஒரு நிறம், வெளிநாட்டவருக்கு வேறு நிறம். அலுவலக வேலை என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. சேர் கண்டிருந்தால் முதலில் அந்த ஒழுங்கைக் கவனித்திருப்பார், பிறகுதான் கோபப்பட்டிருப்பார். 83 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்போடு வாசலுக்கு வந்தவர்களைக் கண்ட எங்கள் ஆட்கள் இதை வாசித்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். அதற்காக அதையும் இதையும் தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு கண்டம் முழுக்க, கிரேக்கத் தீவு தொடக்கம் நோர்வே வரை ரயில் ஓட்டி ஓர் இனத்தையே இல்லாமல் செய்ய முயன்றது தனிக் கதை.

1942 யூலை 16 விடியற்காலை அந்த அட்டைகளோடு பாரிஸ் பொலிசார் படியேறினார்கள். இரண்டு நாளில் 13,152 பேர். அவர்களில் 4,115 பேர் பிள்ளைகள். பிள்ளைகளை ஜேர்மன்காரர் அப்போது கேட்கவில்லை என்பதுதான் இதில் என்னால் தாண்டிப் போகமுடியாத இடம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்மொழிந்தது விஷியில் பெத்தானின் கீழ் அரசாங்கத்தை நடத்திய பியேர் லவால். பொலிசார் எடுத்துப்போன அட்டைகள் பிடிபட்டவர்களைப்போல இரண்டு மடங்கு இருந்தன. மிச்சப்பேர் தப்பியதற்கு, முதல் நாளே காதில் போட்டுவிட்ட சில பொலிஸ்காரரும் காரணம் என்பதையும் எழுதவேண்டும்.

குடும்பங்களைப் பச்சையும் வெள்ளையும் அடித்த பாரிஸ் நகர பஸ்களில் ஏற்றி, ஐபெல் கோபுரத்துக்குக் கிட்ட இருந்த சைக்கிள் ஓட்டப் போட்டி மண்டபத்தில் கோடை வெக்கையில் நாட்கணக்காக வைத்திருந்தார்கள். பிறகு பாரிசுக்குத் தெற்கே பித்திவியே, போன் லா ரொலாந்து முகாம்களுக்கு. அங்கே தாய்மாரைப் பிரித்தெடுத்து முதலில் போலந்துக்கு அனுப்பினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியே நின்றன. ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவர்களைப் பெட்டி பெட்டியாகத் திரான்சிக்குக் கொண்டுவந்து, அதே மாதத்திலேயே போலந்தில் இருந்த அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றினார்கள். சில சின்னஞ்சிறுசுகளுக்குத் தங்கள் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. ரயிலுக்கான பட்டியலில் அந்த இடங்களில் கேள்விக்குறி போட்டார்கள் என்று, முகாமில் அடைபட்டிருந்து உயிர் தப்பிய ஜோர்ஜ் வெலெர்ஸ் பின்னாளில், நாடுகடத்தல்களை ஒழுங்குசெய்த நாசி அதிகாரி ஐக்மனின் வழக்கில் சாட்சி சொன்னார். போகும் இடம் தெரியாத பிள்ளைகள் அதற்குத் தாங்களே ‘பிச்சிபொய்’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டன. அங்கே அம்மா இருப்பா என்று நினைத்தன. அந்தச் சிறுபிள்ளைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறக்குறைய 76,000 யூதர்களில் 63,000 பேரளவில் திரான்சி வழியாகப் போனவர்கள். உயிரோடு மீண்டவர்கள் மொத்தத்தில் 2,500 அளவில். முகாமில் முதலாம் படிக்கட்டு, இரண்டாம் படிக்கட்டு என்று ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கம் உண்டு. பெயர் வந்தவர்களைப் புறப்பாட்டுப் படிக்கட்டுகளுக்கு மாற்றி, முள்ளுக்கம்பியால் பிரித்து வைப்பார்கள். கையில் இருக்கும் காசை வாங்கி எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். போலந்துக் காசான ஸ்லோட்டியாக அங்கே திருப்பித் தருவார்கள் என்று அதில் எழுதியிருக்கும். சாகப்போகிற சனத்துக்குப் பற்றுச்சீட்டு! முதலில் புர்ஜே-திரான்சி நிலையத்திலிருந்து ரயில் போனது. 1943 யூலை தொடக்கம் பொபினி நிலையத்திலிருந்து போனது. பிறகு பிரான்சின் அமைச்சராகிய சிமோன் வெய் பதினாறு வயதுப் பெண்ணாக 1944 ஏப்ரல் 13 ஏறியது அங்கேதான். இஸியே கிராமத்து விடுதியில், லியோன் நகரின் கெஸ்டாப்போ அதிகாரி கிளவுஸ் பார்பியின் ஆட்கள் ஒரு வாரத்துக்கு முன் பிடித்த பிள்ளைகளில் 34 பேரும் அதே ரயிலில் போனார்கள்.

போர் முடிந்த கையோடு மறதி தொடங்கியது. 1956இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், தடுப்பு முகாம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிரெஞ்சு ஜொந்தாமின் தொப்பி தெரிந்தது என்று தணிக்கைக்காரர்கள் அந்தத் தொப்பியை மறைக்க வைத்தார்கள். திரான்சியிலும் முள்ளுக்கம்பியை எடுத்துவிட்டுக் கட்டடத்தை வீடாகக் கொடுத்தார்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் பூச்சாடி, பல்கனியில் சைக்கிள். கோபுரங்கள் 1976இல் இடிபட்டன. அதே ஆண்டு வாசலில் சிற்பம் வந்தது; பின்னர் ஒரு சரக்கு ரயில் பெட்டியும் வந்து நிற்கிறது. 2009இல் சன்னல் மாற்றப் போன வேலையாட்கள் உள்பக்கத்துப் பலகையைக் கழற்றியபோது, சாந்துச் சுவரில் பென்சிலால் எழுதிய பெயர்களும் திகதிகளும் இருந்தன. இடாப்பில் மற்றவன் எழுதிய பெயர் ஒன்று, தன் கையால் தானே எழுதிய பெயர் ஒன்று. இரண்டும் மிஞ்சியிருக்கின்றன.

1995 யூலை 16 சிராக் ஜனாதிபதியாகி இரண்டு மாதம். இந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசுக்கும் பங்குண்டு என்று ஒரு ஜனாதிபதி முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். நான் அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்; வானொலியில் கேட்ட வயதான சமையற்காரர் ஒருவர் "இப்பதானா?" என்று மட்டும் சொன்னது ஞாபகம். அடுத்தது மொரிஸ் பப்போன் வழக்கு. போர்தோ பிரிபெக்சரின் செயலாளராக இருந்து, யூதர்களைத் திரான்சிக்கு அனுப்பும் தாள்களில் கையெழுத்திட்டவர். போருக்குப் பிறகு பாரிஸ் பொலிஸ் தலைவர், அதற்குப் பிறகு அமைச்சர். 1998 ஏப்ரலில் மனிதகுலத்துக்கெதிரான குற்றத்துக்கு உடந்தை என்று பத்து வருடத் தண்டனை. ஒருவரையும் தன் கையால் அடிக்காத ஒரு கந்தோர் உத்தியோகத்தர் கூண்டில் நின்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அன்று சேருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் காலத்தில் தபால் போவதே பெரும்பாடு. அவருக்குக் கிடைத்ததாகப் பின்னர் அவருடைய மகள் சொன்னா. பதில் வரவில்லை.

சங்க நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். கோடை ஒன்றுகூடலுக்குப் பிள்ளைகளை எங்கெங்கோ பஸ் பிடித்துக் கூட்டிப்போகிறோம். திரான்சியில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே 2012இல் திறந்த நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சன்னல் கண்ணாடியால் முகாம் முழுதும் தெரியும். நுழைவு இலவசம். சனிக்கிழமை பூட்டு, ஆகையால் ஞாயிறு பாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருவதென்றால் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. வழிகாட்ட நான் வருகிறேன்.