மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம்

டர்பனிலிருந்து வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் என்று போகும் பழைய ஆர்102 சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், தடத்தையும் ஓரப்பட்டையையும் பிரிக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுவோம். முந்திப் போகிறவர் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கி நன்றி சொல்வார். நாமும் ஹெட்லைட்டை ஒருமுறை காட்டிப் பதில் சொல்வோம். தென்னாப்பிரிக்கச் சாலைகளில் எனக்குப் பிடித்த மரியாதை இது. ஆனால் நாம் ஒதுங்குகிற அதே இடத்தில்தான் சைக்கிளில் வருகிறவரும் போய்க்கொண்டிருக்கிறார்.

அவருக்கு வேறு வழி இல்லை. என்2 விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர், இரவுக் காவல் முடித்துத் திரும்புகிறவர், அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் அமாஷோவா பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர் எல்லோரும் ஆர்102 போன்ற பழைய சாலைகளுக்குத்தான் வர வேண்டும். டொங்காட் சுங்கச்சாவடியைத் தவிர்க்க நினைக்கும் லாரியும் அங்கேதான் வருகிறது.

இப்படி ஒதுங்குவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. மஞ்சள் கோட்டுக்கு வெளியே மோட்டார் வண்டி ஓட்டுவது பொதுவாகத் தடை. பக்கத்துக்கு ஒரு தடம் மட்டும் உள்ள சாலையில், சூரியன் உதித்து மறைவதற்குள், நம்மை இன்னொருவர் முந்தும்போது மட்டும் விதிவிலக்கு. அதற்கும் இரண்டு நிபந்தனைகள்: குறைந்தது 150 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும், யாருக்கும் ஆபத்து இல்லாமல் செய்ய முடிய வேண்டும். இரவில் ஒதுங்க அனுமதி இல்லை. ஒதுங்கியே ஆக வேண்டும் என்ற கடமை எந்த நேரத்திலும் இல்லை.

அந்த 150 மீட்டருக்கு அர்த்தம் உண்டு. நீங்கள் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறீர்கள், முன்னால் சைக்கிள் 25-ல் போகிறது என்றால், இடைவெளி நொடிக்கு 21 மீட்டர் வீதம் கரைகிறது. 150 மீட்டர் என்பது 7 நொடி. கரும்பு உயரமாக வளர்ந்து நிற்கும் வளைவில் 60 மீட்டர்தான் தெரிகிறது என்றால், கையில் இருப்பது 3 நொடிகூட இல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்த சைக்கிள் கண்ணிலேயே படாது, உங்கள் வண்டி மறைக்கிறது. அவர் லைட் அடிப்பதை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. ஓரத்தில் ஆள் இருந்தால் உங்கள் தடத்திலேயே தொடர்ந்து போங்கள். பிரேக்கை மெதுவாக இரண்டு முறை தொட்டுப் பின்விளக்கை எரியவிடுங்கள். சைக்கிளைத் தாண்டி, சாலை நேராகத் தெரிந்த பிறகு வழிவிடுங்கள். பின்னால் வருகிறவர் இழப்பது பத்துப் பதினைந்து நொடிதான்.

எதிரே வருகிறவரிடமும் இதே சிக்கல் இருக்கிறது. எதிர்த்திசையில் ஒரு பக்கி, அதாவது பிக்கப் வண்டி, ஒரு லாரியை முந்தி நம் தடத்துக்குள் வருகிறது. நாம் ஓரத்துக்குப் போய்விடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஓட்டுநர் வருகிறார். அந்த ஓரத்தில் ஒரு சைக்கிள் இருந்தால் அங்கே நமக்கு இடமே இல்லை. முந்தத் தொடங்கும் முன் எதிர்ப்பக்க ஓரத்தையும் பார்ப்பது முந்துகிறவரின் வேலை. பெரும்பாலானவர்கள் எதிரே கார் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

வேகத்துக்கு வருவோம். இங்கே வேறு பலகை இல்லையென்றால் ஊருக்குள் 60, வெளியே 100, விரைவுச்சாலையில் 120. '60-க்கும் 70-க்கும் என்ன பெரிய வித்தியாசம்' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 60-ல் போகும் கார் நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்த பிறகு இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. அதாவது 45 மீட்டர் தள்ளி ஒருவர் சைக்கிளோடு தடுமாறி விழுந்தால், 60-ல் வந்த கார் அவர் முன்னால் வந்து நின்றுவிடும்.

அதே இடத்தில் 70-ல் வந்த கார் நிற்காது. அவர் இருக்கும் இடத்தை எட்டும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 45 கிலோமீட்டர். 80-ல் வந்த கார் 65-ல் மோதும். ஓட்டுநர் கூட்டிய 10 கிலோமீட்டர், மோதும்போது 45 ஆக நிற்கிறது. காரணம், பிரேக் பிடிப்பதற்கு முன்பே கூடுதல் தூரம் போய்விடுகிறது; அதன்பின் வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டரில்தான் இறங்கும், அந்தச் சில மீட்டர்தான் இங்கே இல்லை. மழைச் சாலையில் 60-ல் வந்தாலும் நிற்க 60 மீட்டர் வேண்டும். டயர் பள்ளம் 1 மில்லிமீட்டர் இருந்தால் சட்டம் விட்டுவிடும். ஆனால் நீர் தேங்கிய சாலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே பிடிப்பு குறையத் தொடங்குகிறது. கோடை மழை கொட்டும் இந்தக் கரையில் 3-லேயே மாற்றிவிடுவது நல்லது.

மிச்சமாகும் நேரத்தையும் பாருங்கள். 10 கிலோமீட்டர் தூரத்துக்கு 60-ல் 10 நிமிடம், 80-ல் ஏழரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தை அடுத்த இரண்டு ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) சிவப்பு விழுந்து பறித்துக்கொள்ளும்.

சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடைவெளி? வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் குறைந்தது 1 மீட்டர் என்று விதியே இருக்கிறது. வேகம் கூடிய சாலையில் ஒன்றரை மீட்டர் என்று எங்கேயும் வைத்துக்கொள்ளலாம். ஓரப்பட்டை இல்லாத சாலையில் ஒரு தடம் சுமார் மூன்றரை மீட்டர். விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி சைக்கிள், அதன் அகலம் 70 சென்டிமீட்டர், இடைவெளி ஒன்றரை மீட்டர், கண்ணாடியோடு சேர்த்துக் கார் 2 மீட்டர். கூட்டினால் 4.7. ஒரே தடத்துக்குள் இது அடங்காது. எனவே நடுக்கோட்டைத் தாண்டாமல் முந்துவது என்றால் அவரை உரசிக்கொண்டு போவது என்றுதான் பொருள். எதிரே வண்டி வந்தால் காத்திருக்க வேண்டும்.

லாரி ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரட்டை டிரெய்லர் லாரி 22 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். 70-ல் போகும் லாரி 25-ல் போகும் சைக்கிளை முழுதாகத் தாண்ட, நீளத்துக்கு மட்டும் 2 நொடி ஆகும். முன்பகுதி தாண்டியதுமே இடப்பக்கம் திருப்பினால் பின் டிரெய்லர் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். வளைவில் டிரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். கரும்பு ஏற்றிய வண்டியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கழிகளும் உண்டு. பெரிய வண்டி தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். சைக்கிள்காரர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் தடுமாற்றம் கூடும். முழங்கையைச் சற்று மடக்கி, தோளைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும்.

சைக்கிள்காரர்களின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. அதைச் சொன்னால் பழியை அவர்கள் தலையில் போடுவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். 15 கிலோ சைக்கிளும் ஒன்றேகால் டன் காரும் ஒரே அளவு பொறுப்பைச் சுமப்பதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று மற்றவர் ஊகிக்கும்படி ஓட்டுவது அவர் கையில்தான் இருக்கிறது. சட்டம் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒருவர் பின் ஒருவராகப் போவது, ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருப்பது, ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகாதிருப்பது, ஹெல்மெட். மேட்டில் லாரியின் பின்கம்பியைப் பிடித்து ஏறும் பையன்களைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நிறுத்திச் சொல்லுங்கள்.

எதிர்த்திசையில் ஓட்டுவதுதான் மிக மோசமான பழக்கம். 'எதிரே வருவது தெரியட்டும்' என்ற எண்ணம் நடப்பவருக்குச் சரி, சைக்கிளுக்குச் சரியல்ல. 60-ல் வரும் காரும் 20-ல் வரும் சைக்கிளும் ஒரே திசை என்றால் வேக வித்தியாசம் 40. எதிரெதிர் என்றால் 80. பக்கத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார், ஏனென்றால் வண்டி அங்கிருந்துதான் வரும். தவறான திசையில் வருகிறவர் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து நிற்கிறார்.

ஓரப்பட்டை எப்போதும் ஓட்டும்படி இருப்பதில்லை. கண்ணாடித் துண்டு, மணல், லாரியிலிருந்து விழுந்த கரும்பு எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. மழையில் மஞ்சள் பெயிண்ட் வழுக்கும், கோட்டில் பதித்த ஒளிக்குமிழ் சக்கரத்தைத் திருப்பிவிடும். கோட்டின் மேலேயே ஓட்டாமல் ஒரு முழமாவது தள்ளி ஓட்டுங்கள். ஆற்றுப் பாலங்களில் ஓரப்பட்டை திடீரென்று முடிந்துவிடும். பாலத்தின் வாயில் வந்து வலப்பக்கம் வெட்டக் கூடாது. 50 மீட்டருக்கு முன்பே திரும்பிப் பார்த்து, வலக்கையை நீட்டி, இடைவெளி கிடைத்ததும் தடத்தின் நடுவுக்கு வந்து பாலத்தைக் கடந்து மறுபடி ஓரம் போங்கள். பாலத்தில் ஓரமாக ஒடுங்கினால், பின்னால் வருகிறவர் நுழைந்துவிடலாம் என்று நினைப்பார்.

கண்ணில் படுவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் சட்டை பகலில் உதவும், ஏனென்றால் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்தான் அந்தத் துணியை ஒளிரச் செய்கிறது. இருட்டில் அது சாதாரணச் சட்டை. ஜூனில் டர்பனில் விடிய ஏழு மணி நெருங்கிவிடும். ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு வேண்டியது ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டை. அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போகும் கால் அசைவைப் பார்த்ததுமே ஓட்டுநர் 'ஆள், சைக்கிள்' என்று புரிந்துகொள்வார். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு. பின்விளக்கு தரைக்கு இணையாக இருக்கட்டும். பை தொங்கி அதை மறைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துதான் இருக்கும்.

பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளை முறுக்குங்கள், கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் முதல் சில சுற்றுக்கு ஒன்றும் செய்யாது, நீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். எனவே இறக்கத்துக்கு முன்பே லேசாகத் தொட்டு உலர்த்த வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, வார் தாடைக்கடியில் ஒரு விரல் நுழையும் அளவு. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். தூக்கிப் போடுங்கள்.

ஊருக்குள் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். நிற்கும் கார்களின் கதவு ஒரு மீட்டர் வரை திறக்கும், அவ்வளவு தள்ளி ஓட்டுங்கள். காரில் இருப்பவர்கள் கதவுக்குத் தூரமான கையால் திறக்கப் பழகுங்கள்: ஓட்டுநர் இடக்கையால், இடப்பக்கம் இருப்பவர் வலக்கையால். உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்னால் போகும். அடுத்து, முந்திய உடனே இடப்பக்கம் திரும்பும் கார். திருப்பத்துக்கு 50 மீட்டர்கூட இல்லை என்றால் முந்தாதீர்கள், சைக்கிளின் பின்னாலேயே போய்த் திரும்புங்கள். மூன்றாவது டாக்சி, அதாவது வழியெல்லாம் பயணிகளை ஏற்றி இறக்கும் மினிபஸ். டாக்சியின் பிரேக் விளக்கைப் பார்ப்பதைவிட, சாலையோரம் விரலை உயர்த்தி நிற்கும் பயணியைப் பாருங்கள். அவரைக் கண்டதும் டாக்சி இடப்பக்கம் வெட்டும் என்பது உறுதி.

திறமை இருந்தால் தப்பிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த பரி ஸ்டாண்டர், 2013 ஜனவரி 3 அன்று நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் தென்கரையில், ஷெல்லி பீச்சில், பயிற்சி ஓட்டத்தில் டாக்சி மோதி இறந்தார். வயது 25.

விபத்து நடந்துவிட்டால் ஓட்டுநர் நிற்க வேண்டும், காயத்தைப் பார்க்க வேண்டும், முடிந்த உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். ஆம்புலன்சுக்கு 10177, போலீசுக்கு 10111, கைப்பேசியிலிருந்து 112. விழுந்தவர் கழுத்து வலி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், எழுப்பி உட்கார வைக்காதீர்கள். உடல் காயத்துக்குச் சாலை விபத்து நிதியில் இழப்பீடு கேட்கலாம். சைக்கிள்காரரும் கேட்கலாம், பெட்ரோல் டீசல் வரியிலிருந்து வரும் பணம் அது. சைக்கிள் உடைந்ததற்கு அங்கே கிடைக்காது. விளக்கில்லாமல் போனது போன்ற தவறு அவர் பக்கம் இருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும். மோதியவர் யாரென்று தெரிந்தால் கோர 3 வருடம், நிற்காமல் போய்விட்டால் 2 வருடம்தான். அதனால் வண்டி எண், நேரம், பார்த்தவரின் தொலைபேசி எண் இவற்றை அங்கேயே எழுதிக்கொண்டு, போலீஸ் வழக்கு எண்ணையும் கையோடு வாங்கிவிடுங்கள்.