ஸ்டிக்கி ஒட்டவில்லை என்றால் பேரன்ட்டைப் பாருங்கள்

வலைப்பக்கத்தின் மேலே 56 பிக்சல் உயரத்தில் ஹெடர், இடப்பக்கம் 240 பிக்சல் அகலத்தில் மெனு, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'புதிது' என்று சின்ன லேபிள். மூன்றையும் சிஎஸ்எஸ் பொசிஷனை (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில், ஒன்று எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் விதி) வைத்தே நிறுத்த வேண்டும்.

சுலபமானது லேபிள். பொசிஷன் அப்சல்யூட், டாப் 8, ரைட் 8 பிக்சல். இதோடு விட்டால் எல்லா லேபிளும் பக்கத்தின் வலது மேல் மூலைக்கு ஓடிப்போய் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். படத்தைச் சுற்றியிருக்கும் டிவ்வுக்கு, அதாவது பெட்டிக்கு, பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்தால் சரியாகிவிடும். இமேஜ் டேக்குக்கே கொடுத்துப் பயனில்லை, அதற்குள் எதையும் வைக்க முடியாது. அந்த 8 பிக்சல் பார்டரின் உள்விளிம்பிலிருந்து கணக்காகும். டிவ்வுக்கு எவ்வளவு பேடிங் (உள்பக்க இடைவெளி) இருந்தாலும் லேபிள் நகராது.

ஹெடருக்கு ஃபிக்ஸ்ட் (ஸ்க்ரோல் செய்தாலும் திரையில் அசையாமல் நிற்பது) போட்டால் அதன் இடம் காலியாகி, கீழிருக்கும் உள்ளடக்கம் அடியில் நுழைந்துகொள்ளும். பாடிக்கு 56 பிக்சல் பேடிங் டாப் தனியாகக் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கியில் (ஸ்க்ரோல் ஆகும்போது குறித்த இடம் வந்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்வது) இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டாப் 0 எழுத மறந்தால் ஸ்டிக்கி வேலையே செய்யாது. ஹெடரை அதே உயரமுள்ள இன்னொரு டிவ்வுக்குள் வைத்தாலும் அப்படித்தான்: பேரன்ட்டின், அதாவது தன்னைச் சுற்றியிருக்கும் டிவ்வின், எல்லையை அது தாண்டாது, பேரன்ட்டோடு சேர்ந்து மேலே போய்விடும்.

நேரத்தைத் தின்பது மெனுதான். ஸ்டிக்கியோடு டாப் 56 கொடுத்தும் ஒட்டவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். மெனுவும் கட்டுரையும் ஒரே ஃப்ளெக்ஸுக்குள் (உள்ளே இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் பெட்டி) இருந்தால் மெனு கட்டுரையின் உயரத்துக்கே நீண்டுவிடும். பிறகு நகர இடம் ஏது? மெனுவுக்கு அலைன் செல்ஃப் ஃப்ளெக்ஸ் ஸ்டார்ட் என்று கொடுக்க வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டு ஸ்க்ரோலை மறைக்க யாரோ மேலே ஒரு டிவ்வுக்குப் போட்டு வைத்த ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிடன். அதைப் போட்டவுடன் ஓவர்ஃப்ளோ ஒய் தானாக ஆட்டோ ஆகிவிடும். ஸ்டிக்கி பக்கத்தை விட்டுவிட்டு, ஸ்க்ரோலே ஆகாத அந்த டிவ்வைப் பிடித்துக்கொள்ளும். ஹிடனுக்குப் பதில் கிளிப் போட்டால் தீர்ந்தது. பிரவுசரிலேயே இருக்கும் டெவ்டூல்ஸில் மெனுவிலிருந்து பேரன்ட் பேரன்ட்டாக மேலே ஏறிப் பார்த்தால் இந்தக் குற்றவாளி சிக்கிவிடும்.

அடுத்து இசட் இண்டெக்ஸ், ஒன்றன்மேல் ஒன்று வரும்போது எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் எண். ஹெடருக்கு 10, மெனுவுக்கு 1. மெனுவுக்குள் திறக்கும் டிராப்டவுனுக்கு 9999 கொடுத்தாலும் ஹெடருக்கு அடியில்தான் போகும். ஸ்டிக்கி தனக்கென ஓர் அடுக்கை உருவாக்கிக்கொள்கிறது. உள்ளே இருப்பவற்றின் எண்கள் அந்த அடுக்குக்குள் மட்டுமே செல்லும். வெளியே நடக்கும் போட்டி 10-க்கும் 1-க்கும்தான்.

பக்கத்துக்குள்ளேயே தாவும் லிங்க்கை அழுத்தினால் தலைப்பு ஹெடருக்குப் பின்னால் ஒளியும். எச்டிஎம்எல் டேக்குக்கு ஸ்க்ரோல் பேடிங் டாப் 72 பிக்சல் கொடுத்தால் 16 பிக்சல் இடைவெளியோடு நிற்கும்.

ஃபிக்ஸ்ட் ஹெடரையே வைத்துக்கொள்பவர்கள் மீடியா பிரிண்ட்டில் (அச்சுக்கு மட்டுமான சிஎஸ்எஸ்) அதை ஸ்டாட்டிக், அதாவது சாதாரண நிலை, ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் அச்செடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும் வந்து நிற்கும்.